சுகிர்தம் அண்ணன் வீட்டுக்குப் போன கதை

என்னிடமுள்ள பழைய கிறிஸ்தவக் குடும்ப நாவல்களைப் பார்க்க வருகிறவர்கள், புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே, நான் எப்போது வேதத்துக்கு மாறினேன் என்று கேட்டுவிடுவார்கள். மாறவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டுதான் அவற்றைத் தூசி தட்டுகிறேன். எல்லாம் பெண்கள் எழுதியவை. ஒரு காலத்தில், தங்கள் பெயரைப் போடக்கூடக் கூச்சப்பட்டு, ‘இன்னார் மனைவி’ என்றோ ‘ஒரு கிறிஸ்தவ மாது’ என்றோ அச்சடித்துக்கொண்ட பெண்கள். குடிகாரப் புருஷன், பொறுமைசாலிப் பெண்சாதி, ஜெபம், காய்ச்சல், மரணம், மனந்திரும்புதல் என்று ஏறக்குறைய எல்லாக் கதையும் ஒரே வழியாகத்தான் போய்ச் சேரும். அது தெரிந்தும் விடாமல் தேடித் தேடிச் சேர்க்கிறேன்.

அவற்றில் ஒன்றை மட்டும் யாராலும் பாதிக்கு மேல் திறக்க முடியாது. பின்பாதித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பேறி, பலகை போல ஆகிவிட்டன. பழைய ஏடுகளைச் செப்பனிடத் தெரிந்த ஒருவர், கொடுங்கள், பிரித்துத் தருகிறேன் என்று இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டார். நான் கொடுக்கவில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பார்.

சேர்க்கத் தொடங்கியது நானல்ல, அம்மாவின் தங்கை, என் சித்தி. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இலங்கையில், ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்களுக்கென்று ஒரு காம்பரா, ஒற்றை அறைதான், முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை. அதற்குள் அப்பா, அம்மா, நான், தம்பி, சித்தி. பகலில் சித்திக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பொழுது சாய்ந்ததும் கடதாசிப் பை ஒட்டுவாள். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி பழைய கடதாசியைச் சாக்கில் நிறுத்துக் கொடுப்பார். அதைப் பருப்புக்கும் சீனிக்கும் தோதான பைகளாக ஒட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த நிறை குறையாமல் வர வேண்டும் என்பது அவர் சட்டம். பசையின் ஈரம் காயும்வரை தராசில் வைக்க மாட்டார், அவ்வளவு தாராள மனசு.

ஒரு தடவை வந்த சாக்கில் செய்தித்தாளே இல்லை. பக்கத்துத் தோட்டத்து வேதக்கோயிலில் உபதேசியாராக இருந்தவரின் குடும்பம் ஊரைவிட்டுப் போனபோது விற்றுப்போட்ட புத்தகங்கள். ஒன்றை எடுத்துக் கிழிக்கப் போன சித்தி, கிழிக்காமல் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். சோறு ஆறிப்போனது. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு சாக்கைக் கொட்டியதும் முதல் வேலை பிரிப்பதுதான். ஒரு பெண் எழுதியது என்று முகப்பிலோ முகவுரையிலோ தெரிந்தால் அது ஒரு பக்கம். ஆண்கள் எழுதிய பிரசங்கங்களும் வியாக்கியானங்களும் மறுபக்கம். அவை பைகளாகிப் பருப்பு சுமந்தன. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டேன்.

“ஆம்பளைங்க எழுதுனதுல அடுப்படியே வராது புள்ள. இதப் பாரு, மொதப் பக்கத்துலயே ஒல கொதிக்குது” என்றாள்.

எடுத்து வைத்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதே நிறையில் வேறு கடதாசி வைத்தாக வேண்டுமே. அந்தப் பொறுப்பு என்னுடையது. எழுதி முடிந்த பள்ளிக்கூடக் கொப்பிகள், சீமெந்துப் பையின் உள்தாள், பஸ் நிலையத்துச் சுவரில் பாதி உரிந்து தொங்கிய நோட்டீஸ்கள் என்று எதையும் விடுவதில்லை. தேர்தல் வந்த மாதத்தில் சித்தியின் புத்தகச் சேகரிப்பு திடீரென்று வளர்ந்தது. எத்தனையோ வேட்பாளர்கள் சிரித்த முகத்தோடு சீனிப் பையாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

முதுகு கழன்ற புத்தகங்களுக்குச் சித்தி ரப்பர் பால் தடவுவாள். தோட்டத்தில் எதற்கும் அதுதான் பசை. கிழிந்த குடைக்கும் அது, வாய் பிளந்த செருப்புக்கும் அது. காலையில் வெட்டிய பால் பகல் தாண்டினால் கட்டியாகிவிடும். அதற்குள் ஒரு சிரட்டையில் வாங்கி வந்து, கோழி இறகால் தொட்டு, முதுகில் மட்டும் மெல்லியதாகப் பூச வேண்டும். உள்ளே ஒரு சொட்டு இறங்கினாலும் தாள்கள் பிடித்துக்கொள்ளும், பிறகு எந்தச் சாமி வந்தாலும் பிரிக்க முடியாது என்று எனக்குச் சொல்லித்தான் செய்ய விடுவாள்.

சித்தி வேதத்தில் சேரப் போகிறாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவளோ மாரியம்மன் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு, அந்த விளக்கு வெளிச்சத்திலேயே அந்த நாவல்களை வாசித்தாள். ஜெபம் வரும் இடங்களில் மட்டும் நாலைந்து தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிடுவாள். அவங்க கும்பிட்டு முடிக்கட்டும், நாம இங்கிட்டு நிப்போம் என்பாள்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் வெட்டுவதில் அப்பாவை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆளில்லை. மரத்துக்குக் காயம் படாமல், பட்டையை மட்டும் வழித்து எடுப்பார். பெரிய துரையே நின்று பார்த்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட கை, கசிப்புச் சாராயம் உள்ளே போனதும் வேறு கையாகிவிடும். மழைக்காலம் எங்களுக்கு ஆகாது. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அப்பா ஆற்றங்கரைக்குப் போய்விடுவார், அங்கேதான் காய்ச்சுவார்கள். அந்த வருசத்து மழையில் ஒருநாள் அம்மாவின் இடது கை முறிந்தது. தண்ணி எடுக்கப் போன வழியில் வழுக்கி விழுந்துவிட்டதாக அம்மா கங்காணியிடம் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா ஓரிடத்திலும் தடுமாறாமல் சொன்னாள்.

அன்றைக்குச் சித்தி குறுக்கே விழுந்து தடுத்திருந்தாள். அதனால் அப்பாவுக்கு அவள்மேல் கோபம். “இந்தப் பொஸ்தக மூட்டையக் கட்டிக்கிட்டு அரநாயக்கவுல ஒங்க அண்ணன் வீட்டுக்கே போயிரு. எண்ணெ எரிச்சது போதும்” என்றார். அக்காவின் புருஷனை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்களில் இல்லை. அதுவும் அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு பேச முடியாது. அவளை அனுப்பிவிட்டால் அந்தக் காம்பராவில் அம்மாவுக்குக் குறுக்கே விழ ஆளில்லை. தம்பி இடுப்புப் பிள்ளை. நான் பத்து வயதுப் பொட்டைப்பிள்ளை.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் சித்தி முகப்பு கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து, முதல்முறையாக வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, கை வேறு கட்டுப்போட்டுக் கிடக்கிறது, அவளுக்குப் பொழுது போகட்டும் என்று காரணம் சொன்னாள். கதையில் சுகிர்தம் என்று ஒருத்தி. அவள் புருஷன் பெயர் ஜீவரத்தினம். தொழிலில் கெட்டிக்காரன், குடிக்காத நாளில் தங்கமான மனுசன். அப்பா இஸ்தோப்பில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். தங்கமான மனுசன் என்ற இடத்தில் பீடி கொஞ்ச நேரம் வாய்க்குப் போகவில்லை.

அடுத்த நாளும் வாசித்தாள். அதற்கடுத்த நாளும். பக்கத்துக் காம்பராப் பெண்கள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். வராதவர்கள், கூரை வரை எட்டாத நடுச்சுவருக்கு மேலாகக் கேட்டுக்கொண்டார்கள். நான்காவதோ ஐந்தாவதோ நாளில் அப்பா திரும்பிப் பாராமலே கேட்டார்.

“அந்த ஜீவரத்தினம் என்னா வேல பாக்குறான்?”

சித்தி புத்தகத்தில் விரலை ஓடவிட்டாள். “பால் வெட்டுதான் மச்சான். தோட்டத்துலதான்.”

“ம்” என்றார் அப்பா.

திருநெல்வேலிச் சீமையில் நடக்கிற கதை அது. அங்கே ரப்பர் மரம் எப்படி முளைத்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுகிர்தம் எங்களைப் போலவே கொஞ்சமாக மாசிக் கருவாடு போட்டுச் சம்பல் அரைத்தாள், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பால் வெட்ட மலைக்குப் போனாள். அச்சில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பும் வயது. அந்த நாவல்காரம்மா எங்கள் தோட்டத்துக்கு வந்து போயிருப்பாளோ என்றுதான் நினைத்தேன்.

அப்பா வாசிப்பு தொடங்கும் நேரத்துக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கதை கேட்க வருகிறேன் என்று சொல்ல ஆம்பிளைக்கு வெட்கம், அதனால் கால் வலிக்கிறது என்றார். கால்வலி மழை நாட்களிலும் தொடர்ந்தது. ஆற்றங்கரைக்குப் போகாமல் இருந்தார் என்றில்லை, போய்விட்டுச் சீக்கிரம் வந்தார், குறைவாகக் குடித்துவிட்டு வந்தார். கதையில் ஜீவரத்தினம் கை ஓங்கும் இடம் வந்தால் சித்தியின் குரல் இன்னும் தணியும். அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

ஒருநாள் சித்தி வாசித்தாள்: ஜீவரத்தினம் அன்று வந்து பார்த்தபோது கதவு பூட்டிக் கிடந்தது. சுகிர்தம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுப்பு அணைந்து, பூனை படுத்திருந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, ஒரு காய்ந்த ரப்பர் இலையை அடையாளமாக வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டாள். வாசலில் இருந்த பெண்கள் ஒருவரும் எழவில்லை.

“பொறகு?” என்றார் அப்பா.

“நாளைக்கு மச்சான்.”

அந்த நாளை வரவில்லை. விடிந்ததும் அரநாயக்கவிலிருந்து ஆள் வந்து, அண்ணன் பெண்சாதிக்குப் பிரசவம், உடனே வரச் சொன்னார்கள் என்று சித்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை அப்பா வெள்ளென வந்து குளித்து, வெள்ளைச் சாரம் கட்டி, இஸ்தோப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஒனக்குத்தான் நல்லா வாசிக்கத் தெரியுமே. எடு பாப்போம் அந்தப் பொஸ்தகத்த.”

அம்மா அடுப்படியிலிருந்து வேகமாக வந்தாள். “அது பழைய எழுத்துங்க. புள்ளைக்கு வெளங்காது. தங்கச்சி வரட்டுங்க.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. வகுப்பில் வாசிப்பில் நான்தான் முதல். அம்மா என் மானத்தை வாங்குகிறாள் என்று நினைத்து, அவள் கண்ணால் ஜாடை காட்டியதையும் சட்டை செய்யாமல், ரப்பர் இலை இருந்த இடத்தைத் திறந்து கணீரென்று தொடங்கினேன்.

“‘சுகிர்தம் தன் புருஷனுடைய பாதத்தண்டையில் முழங்காற்படியிட்டு, என் நாயகரே, அடியாள் பொறுமையற்றுப் பேசினதினாலன்றோ தாங்கள் கோபங்கொண்டு என்னை அடிக்க நேர்ந்தது, என் குற்றத்தை மன்னித்தருளும் என்று கண்ணீர் சொரிந்தாள்...’”

“அண்ணன் வீட்டுக்குப் போனாளே, அது எங்க?” என்றார் அப்பா.

முன்னால் நாலு தாள் புரட்டினேன். பின்னால் நாலு தாள் புரட்டினேன். அண்ணன் வீடு இல்லை. பூட்டிய கதவு இல்லை. பூனையும் இல்லை.

“இதுல இல்லப்பா. இவ எங்கயுமே போகல்ல.”

“ரப்பர் மரம்?”

“அதுவும் இல்லப்பா.”

அம்மா நிலைக்கால் ஓரமாக நின்றாள். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்திருந்தாள். அப்பா, கடைசியில் என்ன ஆகிறது என்று பார் என்றார். கடைசித் தாள்களைப் புரட்டி, எனக்கு விளங்கிய மட்டும் சொன்னேன். சுகிர்தம் காய்ச்சலில் விழுகிறாள். புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, குடியை விட்டுவிடுங்கள் என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறாள். அவன் அழுகிறான், கோயிலுக்குப் போகிறான்.

“அவ செத்துப் போயிர்றாப்பா. அதுக்குப் பொறகு அவரு திருந்திர்றாரு” என்றேன். முடிவு நல்லபடியாக வந்ததில் எனக்குச் சந்தோசம். அதையும் அப்பாவிடம் சொன்னேன். “நல்ல முடிவுதாம்ப்பா.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. தம்பி அழத் தொடங்கிய பிறகுதான் எழுந்தார். “ஒனக்கு என்னா பிஸ்ஸா? இதுவா நல்ல முடிவு?” என்று என்னைக் கேட்டார். கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். பைத்தியமா என்று அப்பா என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அழுதுவிட்டேன். அம்மா எங்கள் இருவரையும் இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டு நின்றாள். அவள் பயந்தது எதற்கு என்று இப்போது தெரிகிறது. இத்தனை நாளும் ஏமாற்றப்பட்டிருக்கிறோம் என்று தெரிந்த மனிதர் ஆற்றங்கரைக்குப் போவார். திரும்பி வந்து மூட்டையைத் தூக்கி வெளியே எறிவார். சித்தி வந்தால் அவளும் வெளியே.

அப்பா ஆற்றங்கரைக்குப் போகவில்லை. இஸ்தோப்பிலேயே படுத்துக்கொண்டார்.

மறுநாள் பகல் வெட்டு முடிந்து வந்தவர் கையில் ஒரு சிரட்டை நிறையப் பால் இருந்தது. முகம் கழுவவில்லை, தேத்தண்ணி கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரப்பர் இலை இருந்த தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்து, கோழி இறகால் ஓரம் முழுக்கப் பாலைத் தடவினார். மரத்தில் பட்டை வழிக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாரே, அப்படிக் கடித்துக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பாதி முடிந்துவிட்டது.

“ஐயோ, முதுகுலதான்ப்பா தடவணும்! உள்ளுக்குப் போட்டா ஒட்டிக்கிரும்!”

“பூச்சி விழுந்திரும் புள்ள. அதான்.”

எழுத்துத் தெரியாத மனிதர் கையில் புத்தகம் அகப்பட்டால் இப்படித்தான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். அப்பாவைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே போய், ஒற்றைக் கையால் அம்மிக்குழவியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து அப்பாவிடம் கொடுத்தாள். ஒட்டிய தாள்கள் அமுங்கட்டும் என்று அப்பா அதைப் புத்தகத்தின்மேல் வைத்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் மூளை குழம்பிவிட்டது என்று முடிவு செய்தேன்.

அப்பா அன்றோடு குடியை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் இதுவும் அந்த நாவல்களில் ஒன்றாகிவிடும். அவர் குடித்தார், கடைசி வரை குடித்தார். ஆனால் அந்தக் கை அம்மாமேல் மறுபடி விழவில்லை. ஓங்கியது உண்டு. ஓங்கிய கை அந்தரத்தில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், தலையைச் சொறிந்துவிட்டு இறங்கும். பின்னாளில், கொழும்பில் நடைபாதைக் கடையொன்றில் அதே நாவலின் இன்னொரு பிரதி கிடைத்தது. முழுக்க வாசித்தேன். ஜீவரத்தினம் அதில் பாத்திர வியாபாரி. வாசித்து மூடியபோது, சித்தியின் சுகிர்தத்தைத்தான் என் மனசு தேடியது.

சித்தி அரநாயக்கவிலிருந்து வந்து சேர்ந்த அன்று, அவள் பையை இறக்குவதற்குள் நான் புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.

“பாருங்க சித்தி, அப்பா நாசமாக்கிட்டாரு. இனிமே எப்புடி வாசிப்பீங்க?”

சித்தி வாங்கிப் பார்த்தாள். ஒட்டியிருந்த விளிம்பை நகத்தால் நெருடினாள். அது எந்தத் தாளில் தொடங்குகிறது என்று பார்த்தாள். ரப்பர் இலையின் காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா சும்மா தலையை ஆட்டினாள். அப்பா அந்தப் பக்கம் பீடிக் கட்டைப் பிரித்துக்கொண்டு, ஒன்றையும் பார்க்காதவர் போல உட்கார்ந்திருந்தார்.

“வாசிக்கலாம் புள்ள” என்றாள் சித்தி.

விளக்கு வைத்த பிறகு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தை மடியில் எடுத்து வைத்தாள். பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். அப்பா இன்று முதுகைக் காட்டி உட்காரவில்லை, இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அந்தப் புள்ள அண்ணன் வீட்டுலேருந்து வந்திருச்சா?” என்று கேட்டார்.

சித்தி புத்தகத்தைப் பார்த்தாள். “இன்னும் இல்ல மச்சான். கூப்புடப் போனவரு வாசல்ல நிக்கிறாரு. அவ இன்னும் கதவத் தெறக்கல்ல.”

“நிக்கட்டும்” என்றார் அப்பா. “நீ வாசி.”

சித்தி வாசித்தாள். ஒட்டிப்போய்த் திறக்க முடியாத புத்தகத்தில் எதைப் பார்த்து வாசிக்கிறாள் என்று, அந்த வீட்டில் நான் ஒருத்திதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.